புதுப்பிப்பு: "பதிவு இல்லை" என்றால் பறவையே இல்லையா?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் உள்ள காட்டுத்துண்டில் வீடுகள் வரப்போகின்றன, சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையோ 'அரிய இனங்களின் பதிவு இல்லை' என்கிறது, ஆனால் விடியற்காலையில் வைக்கோல் தலைச் சின்னான் என்ற அரிய பறவையின் பாட்டு எனக்குக் கேட்கிறதே என்று போன மாதம் புலம்பியிருந்தேன்.

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஓர் அண்ணன் சொன்னதுதான் கண்ணைத் திறந்தது. பார்த்த உயிரினங்களை யாரும் பதிவிடக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள், பிடித்து விற்பவர்களுக்குப் பயந்து, ஆபத்திலுள்ள இனங்களின் சரியான இடத்தை மறைத்துவிடும். ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் காட்டும். நம் தீவின் நீளமே சுமார் 50 கிலோமீட்டர்! தேக்கா கடைக்கு வழி கேட்டவரிடம் 'தீவுக்குள்தான் எங்கேயோ' என்று சொல்வது மாதிரி. சரியான இடம் வேண்டுமென்றால் பதிவிட்டவரிடமே கேட்க வேண்டும்.

அப்புறம், பதிவுகள் குவிவது ஆட்கள் நடக்கும் பாதையோரம்தான். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் கேமராக் கூட்டம். எங்கள் புதருக்குள் யார் போவார்? எறும்புத்தின்னி இரவில் உலவுவது, அதற்குத் தானியங்கிக் கேமரா வைக்காமல் 'இல்லை' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, நடந்தது இதுதான்: தேதி, நேரம், இடத்தோடு 3 ஒலிப்பதிவுகளை ஆய்வு செய்தவர்களுக்கு அனுப்பினேன். புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரையில் 2001இல் கடல் தூர்ப்புக்கு முன் தன்னார்வலர்கள் திரட்டிய பதிவுகளும் சேர்ந்துதான் அந்தத் திட்டம் தள்ளிப்போனது என்பதையும் ஞாபகப்படுத்தினேன். விடியற்காலையில் மறுபடி வந்து கேட்பதாகப் பதில் வந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை, காலை 6.30.