எத்தியோப்பியாவில் சீனா: அங்கே இருந்தவர்கள் கண்டது

காரைக்குடி வாத்தியார்:
கிழக்கு எத்தியோப்பியாவில் உள்ள டிரே டாவா ஊரின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவன் நான். அப்போது எத்தியோப்பியக் கல்லூரிகளில் நம் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து கடலோரத்துப் பக்கத்து நாடான ஜிபூட்டிக்குப் போகும் மின்ரயிலை 2016-இல் திறந்தார்கள். சுமார் 750 கிலோமீட்டர், பெரும்பாலும் சீன அரசின் எக்ஸிம் வங்கிக் கடன். பிரெஞ்சுக்காரர் போட்ட பழைய ரயிலின் ஸ்டேஷன் டிரே டாவா ஊருக்குள்ளேயே இருக்க, புதியதைப் பொட்டலில் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்பார். ரயிலை ஓட்டியவர் சீனர், பக்கத்தில் நின்று பழகியவர் உள்ளூர்க்காரர். பெட்டியில் வெந்நீர்க் குழாய்க்கு மேலே சீன எழுத்து. அதைப் படித்துச் சொன்னவன் என் மாணவன். மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்கும் என்று சீனம் படிக்கிறானாம். என் பாடத்தில் அந்த அக்கறையைக் காட்டியதில்லை!

சீனாவுக்கு ஏன் எத்தியோப்பியா? ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகம் அடிஸில்தான். அந்தக் கட்டடத்தையே 20 கோடி டாலர் செலவில் சீனா கட்டி, 2012-இல் இனாமாகக் கொடுத்தது. கண்டத்துத் தலைவர்கள் அத்தனை பேரும் வந்து உட்காரும் இடம். ரயில் போய்ச் சேரும் ஜிபூட்டியில் 2017-இல் சீனாவின் முதல் வெளிநாட்டு ராணுவத் தளம் வந்தது.

கண்டனூர்க்காரர்:
ரயில் கடனைக் கட்ட முடியாமல் 2018-இல் 10 வருடத் தவணையை 30 ஆக்கிக்கொண்டார்களே, அதையும் சொல்லுங்கள். எங்கள் ஐயா பர்மாவில் செட்டியார்களின் வட்டிக்கடையான கிட்டங்கியில் இருந்தவர். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நம் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியதல்ல, நெல் விலை விழுந்து வாராக்கடனுக்கு ஈடாக வந்தது. சீனாவுக்கும் ஒருநாள் அப்படித்தான் வந்து சேரும்.

காரைக்குடி வாத்தியார்:
அண்ணே, அந்தக் கணக்கு இங்கே முழுசாகப் பொருந்தாது. பர்மா விவசாயிக்குப் போக வேறு இடம் இல்லை. எத்தியோப்பியா அப்படியா? தவணையை நீட்டிய அதே 2018-இல் அமீரகத்திடம் 300 கோடி டாலருக்கு வாக்குறுதி வாங்கியது. 2024 ஜனவரியில் சீனா, இந்தியா, ரஷ்யா எல்லாம் இருக்கும் பிரிக்ஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது, ஜூலையில் ஐ.எம்.எஃப். என்னும் பன்னாட்டு நிதியத்திடம் 340 கோடி டாலருக்கு ஒப்பந்தம். ஆப்பிரிக்காவில் சீனாவுக்கும் அவர்கள் தேவை, அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே என்னுடன் வேலை பார்த்தவர்கள் சீனாவைத் திட்டியதைவிட, அதனிடம் பேரம் பேசத் தெரியாத தங்கள் அதிகாரிகளைத் திட்டியதுதான் அதிகம்.

ஜிபூட்டித் துறைமுகத்தில் இருந்த தேவகோட்டை நண்பர் இதைப் படித்தால், அந்தப் பக்கத்துக் கதையை அவர்தான் எழுத வேண்டும்.