படித்தால் புரியும் ஆங்கிலம், தொலைபேசியில் கேட்டால் புரிவதில்லை

சயான்வாசி கேட்டது:

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, அஞ்சல்வழியில் பட்டம் பெற்று, மணமாகி மும்பைக்கு வந்தவள் நான். ஃபோர்ட் பகுதியில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மின்னஞ்சல் எவ்வளவு நீளமாக வந்தாலும் படித்துப் பதில் எழுதிவிடுவேன். கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் தொலைபேசி மணி அடித்தால், பக்கத்து இருக்கைக்காரர் எடுக்கமாட்டாரா என்று பார்க்கிறேன்.

சென்ற மாதம் சிங்கப்பூரிலிருந்து அழைத்தவர் 13 கன்டெய்னர் என்று சொன்னதை 30 என்று குறித்துக்கொண்டு, அத்தனைக்கும் டிரெய்லர் லாரிகளுக்குச் சொல்லிவிட்டேன். மாலையில் மின்னஞ்சல் வந்தபோதுதான் பிழை தெரிந்தது. யாரும் திட்டவில்லை, அதன் பிறகு அந்த வாடிக்கையாளரின் அழைப்புகளை என் மேசைக்கு அனுப்புவதில்லை, அவ்வளவுதான். அதுதான் உறைத்தது.

ஓராண்டாக ஆங்கிலப் படங்களைக் கீழே எழுத்து ஓடவிட்டுப் பார்க்கிறேன். எழுத்து இருந்தால் எல்லாம் புரிகிறது, எடுத்துவிட்டால் வெறும் இரைச்சல். பேசும்போதோ, தமிழில் ஒரு வாக்கியம் அமைத்து, அதை மனத்துக்குள் மொழிபெயர்த்து, வினையின் காலத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள் எதிர்முனையில் 'ஹலோ, ஹலோ' என்கிறார்கள். சயானிலிருந்து சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரையிலான ரயில் பயணமும், இரவில் வேலையெல்லாம் முடிந்து கிடைக்கும் கால்மணி நேரமுமே என்னிடம் உள்ளன. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

மாட்டுங்கா பழைய வாத்தியார்:

அம்மா, 13க்கும் 30க்கும் உங்களுக்குச் சொல் தெரியாமல் இல்லை. எழுத்தில் நீங்கள் அறிந்த சொல் ஒலியில் வேறு உருவத்தில் வருகிறது. உங்கள் காது எழுத்தில் உள்ள உருவத்துக்காகக் காத்திருக்கிறது. 'தர்ட்டீன்' என்பதில் அழுத்தம் பெரும்பாலும் வாலில் விழும், 'தர்ட்டி' என்பதில் தலையில் விழும். தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறுவதில்லை என்பதால் நம் காது அதைப் பொருட்படுத்தாமலே வளர்ந்துவிட்டது. இதிலும் ஒரு வம்பு உண்டு: 13, 14, 15 என்று வரிசையாக எண்ணும்போது ஆங்கிலேயரே அழுத்தத்தைத் தலைக்கு நகர்த்திவிடுவார்கள். ஆகவே அழுத்தத்தை மட்டும் நம்பாமல் கடைசி னகர ஒலியையும் பிடிக்கப் பாருங்கள்.

இரண்டாவது, குறுக்கம். 'காசு' என்ற சொல்லின் இறுதி உகரம் தன் ஒரு மாத்திரையில் பாதியாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று படித்திருப்பீர்கள். நமக்கு இது குறிப்பிட்ட சில இடங்களில்தான். ஆங்கிலத்திலோ அழுத்தம் விழாத உயிரெழுத்து பெரும்பாலும் இப்படித்தான் தேய்கிறது. 'வி கேன் ரிலீஸ் இட்' என்று நீங்கள் படிப்பது காதில் 'விக்கன் ரிலீசிட்' என்றுதான் வரும். அந்த 'கேன்' முழுதாக, அழுத்தமாகக் கேட்டால் சற்றே சந்தேகப்படுங்கள்: அது பல நேரங்களில் கடைசி டகரம் விழுங்கப்பட்ட 'கேன்ட்'. சரக்கை விடுவிக்கலாமா கூடாதா என்பதே இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

'பத்து' என்பதிலும் 'அன்பு' என்பதிலும் நாம் எழுதுவது ஒரே பகரம்தான் என்பதால் ஆங்கிலத்தின் இரண்டு பகரங்களும் (p, b) நமக்குக் குழம்பும். அதற்குப் பிறகு வரலாம்.

பயிற்சிக்கு, பிபிசி நடத்தும் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' போன்ற, எழுத்துவடிவமும் இலவசமாகக் கிடைக்கும் நிகழ்ச்சி ஒன்றை எடுங்கள். ஆறு நிமிடத்தையும் கேட்காதீர்கள்; ஒரு நிமிடம் போதும். எழுத்தைப் பாராமல் இருமுறை கேட்டு, காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுங்கள். பிறகு எழுத்துவடிவத்தைத் திறந்து எங்கே தவறவிட்டீர்கள் என்று சிவப்பு மையில் குறியுங்கள். அந்த இடங்களை மட்டும் மறுபடி கேளுங்கள். கடைசியாக, பேசுபவருக்கு அரைச் சொல் பின்னால் நீங்களும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். வாய்க்கு வந்த ஒலியைக் காது சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளும். படத்தின் கீழே ஓடும் எழுத்து கண்ணுக்குத் தீனி போடுமே தவிர, காதைத் தூங்கவைத்துவிடும்.

ஐரோலி இரவுப்பணி:

வாத்தியார் ஐயா சொல்வது சரி, ஆனால் காது பழக மாதங்கள் ஆகும். தொலைபேசி நாளைக் காலையிலேயே அடிக்கும். ஆறு ஆண்டுகளாக அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் இரவில் பேசிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் கால்சென்டரில் நன்றாகப் பேசுபவர்களும் தங்கள் காதை நம்புவதில்லை, திரும்பச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

எண் எது வந்தாலும் 'ஒன் த்ரீ, தர்ட்டீன்' என்று உடைத்துச் சொல்லி உறுதிசெய்யுங்கள். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் உண்டு என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த எழுத்துகளில் பி, டி, ஈ எல்லாம் ஒரே ஈகாரத்தில் முடிவதால் தொலைபேசியில் யாருக்குமே குழம்பும். அதற்காகத்தான் விமானிகளும் கப்பற்காரர்களும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று சொல்கிறார்கள். ஒரு மாலை உட்கார்ந்தால் இருபத்தாறும் மனப்பாடம் ஆகிவிடும். நான்கைந்து வாக்கியங்களையும் அப்படியே உருப்போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 'லெட் மீ ரீட் தட் பேக் டு யூ' என்பது அதில் முதலாவது. உருப்போட்ட வாக்கியத்தை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது ஓடும்போதே அடுத்ததை யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், சகோதரி. மும்பைக்கு வந்த புதிதில் காய்கறிக்காரரிடம் 'கித்னா', 'கம் கரோ' என்று தொடங்கியபோது ஆண்பால் பெண்பால் சரிபார்த்துவிட்டா பேசினீர்கள்? இந்திக்குக் கொடுத்த தாராளத்தை ஆங்கிலத்துக்கும் கொடுங்கள்.

சீட்டாகேம்ப் வாசகன்:

படிப்பதில் குறையில்லை என்கிறீர்கள். நான் அதை ஏற்கவில்லை. அலுவலக மின்னஞ்சலில் வருவது திரும்பத் திரும்ப அதே இருநூறு முந்நூறு சொற்கள்தான். அகராதியின் துணையில்லாமல் தடையின்றிப் படிக்க நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்று மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் சொல்வார்கள். அந்த அளவுக்கு எளிய கதைகளை நிறையப் படியுங்கள், வெட்கப்படாதீர்கள். லிப்ரிவாக்ஸ் தளத்தில் பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூலையும் கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம். வீட்டில் குழந்தை இருந்தால் அதன் ஆங்கிலக் கதைப்புத்தகத்தை உரக்க வாசித்துக் காட்டுங்கள். அதைவிடப் பொறுமையான கேட்பாளர் கிடைக்கமாட்டார்.

சயான்வாசி:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: ஒலிப்பதிவின் வேகத்தைக் குறைத்துவைத்துக் கேட்பது தவறான பழக்கமாகிவிடுமா?

மாட்டுங்கா பழைய வாத்தியார்:

மெதுவாகக் கேட்பது பாவமில்லை. அமெரிக்க வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இலேயே ஏறத்தாழ 1,500 அடிப்படைச் சொற்களைக் கொண்டு, நிதானமான வேகத்தில் செய்தி வாசிக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே மனிதர் மெதுவாக வாசித்தார்; செயலியில் நீங்கள் குறைப்பதோ விழுங்கிய ஒலியை இழுத்துக் காட்டுவது மட்டுமே. விழுங்கியது விழுங்கியதாகவே இருக்கும். சிவப்பு மையிட்ட இடத்தை ஒருமுறை மெதுவாகக் கேட்டுவிட்டு, உடனே இயல்பான வேகத்துக்குத் திரும்புங்கள்.

சயான்வாசி (மூன்று வாரம் கழித்து):

ரயிலில் எழுத இடம் கிடைப்பதில்லை என்பதால் அங்கே கேட்பதோடு சரி, எழுதுவது இரவில். முதல் வாரம் நோட்டில் 'நாட்டட்டால்' என்று எழுதி வைத்து, இது என்ன சொல் என்று அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன். எழுத்துவடிவத்தைத் திறந்தால் 'நாட் அட் ஆல்' என்று மூன்று சொற்கள். மெய்யீற்றின் மேல் அடுத்த சொல்லின் உயிர் ஏறிக்கொள்ளும் என்று பள்ளியில் புணர்ச்சி விதி ஒப்பித்த நமக்கு இது புதிதே அல்ல என்பது அப்போதுதான் தோன்றியது. இப்போது புரியாத சொல் ஒன்று காதில் விழுந்தால் முதலில் அதை உடைத்துப் பார்க்கிறேன். பாதிக்குமேல் அங்கேயே தெளிந்துவிடுகிறது. மகளுக்குக் கதை வாசிப்பதும் நடக்கிறது, ஆனால் அவள் என் உச்சரிப்பைத் திருத்துகிறாள்.

அந்தச் சிங்கப்பூர் வாடிக்கையாளரின் அழைப்பை நேற்று நானே கேட்டு வாங்கி எடுத்தேன். கன்டெய்னர் எண்ணைத் திரும்பச் சொன்னபோது அவர் ஒரே ஓர் இலக்கத்தைத் திருத்தினார். அது என் காதின் பிழையல்ல; தாம் முதலில் தவறாகச் சொல்லிவிட்டதாக அவரே சொன்னார்.