‘வேகப் பொருத்தம்’ வேண்டாம், ‘சமத்துடிப்பு’ வைத்துக்கொள்ளலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கணினியில் செயலியின் பாட்டையும் (செயலிக்குத் தரவு போய்வரும் வழி, ஆங்கிலத்தில் எஃப்எஸ்பி) நினைவகமும் ஒரே துடிப்பில் (கிளாக்), அதாவது 1:1 விகிதத்தில் ஓடுவதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மன்னார்குடி நண்பர் சொன்ன ‘வேகப் பொருத்தம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினியை ஓவர்கிளாக் செய்ய, அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட, உட்காரும் பையனிடம் இதைக் கொடுத்தால் குழம்பிப்போவான். பழைய கோர் 2 டுவோ இ6600 செயலியின் பாட்டைக்கு 1066 என்று போட்டிருக்கும். அதனோடு ஒத்துப்போகும் டிடிஆர்2 நினைவகத்தில் 533 என்றிருக்கும். எங்கே பொருந்துகிறது என்று கேட்பான் அல்லவா? உள்ளே ஓடும் துடிப்பு இரண்டுக்கும் 266 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்குப் பாட்டை நான்கு முறை தரவு அனுப்புகிறது, நினைவகம் இரண்டு முறை. வெளியே எழுதியிருப்பது பெருக்கி வந்த எண். ஆகவே ‘துடிப்பு’ சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

கும்பகோணத்தில் தெரிந்தவர் ஒருவரின் டிடிபி கடையில் நடந்ததைச் சொல்கிறேன். அதே இ6600, நினைவகம் 667, அதாவது துடிப்பு 333. பாட்டை 266 என்பதால் பாட்டைக்கும் நினைவகத்துக்கும் விகிதம் 4:5. அவர் மகன் பயாசில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) பாட்டையை 333க்கு ஏற்றினான். செயலி பாட்டைத் துடிப்பின் 9 மடங்கில் ஓடுவதால் 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3க்குப் போகும் என்று கணக்கு. கணக்கு சரி, விகிதத்தைத்தான் தொடவில்லை. நினைவகம் தன் 333ஐத் தாண்டி 416க்கு இழுபட்டது, திரையில் ஒன்றும் வரவில்லை. வெளியே கல்யாணப் பத்திரிகைக்கு ஆட்கள் காத்திருக்க, அப்பா திட்டிய திட்டு தனி. மாற்றிய அமைப்புகள் அழியத் தாய்ப்பலகையின் வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டி, பாட்டையை மறுபடி 333 ஆக்கி, விகிதத்தை 1:1 ஆக்கியதும் இரண்டும் 333இல் ஒழுங்காக ஓடின.

‘முன்பக்கப் பாட்டை இணக்கம்’ என்று இன்னொரு ஐயா எழுதியிருந்தார். பாட்டையைச் சொல்லில் கட்டிப்போட வேண்டாம் என்பேன். 2008இல் கோர் ஐ7 வந்தபோதே இன்டெல் நினைவகக் கட்டுப்படுத்தியை (நினைவகத்தோடு பேசும் பகுதி) செயலிக்குள் கொண்டுபோய்விட்டது. பாட்டை போயிற்று, பிரச்சினை போகவில்லை. ஏஎம்டியின் ரைசன் 3000 செயலி வரிசையில் டிடிஆர்4 3600 போட்டால் நினைவகம், கட்டுப்படுத்தி, உள்ளிணைப்பு (செயலிக்குள் பகுதிகளை இணைக்கும் வழி) மூன்றும் 1800இல் ஓடும். ஓர் அளவுக்கு மேல் போனால், அமைப்பைத் தானியங்கியில் விட்டிருந்தால், கட்டுப்படுத்தி பாதித் துடிப்புக்கு இறங்கிவிடும். பெட்டியில் போட்ட எண் கூடும், காத்திருப்பு நேரமும் கூடவே கூடும். கூடுதல் காசு கொடுத்தவருக்கு வயிறு எரியும். இன்டெல் 11ஆம் தலைமுறையில் இதே சங்கதிக்குக் கியர் 1, கியர் 2 என்று பெயர். நமக்குச் சமத்துடிப்பு, அரைத்துடிப்பு.

மற்ற பரிந்துரைகளில் ‘ஒத்துத்துடிப்பு’ எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் எடுபடாது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியைப் பிடித்து ஊதுவதுதான் இங்கே ஒத்து. ‘ஒத்து ஊதுகிற நினைவகம்’ என்று கேலி கிளம்பிவிடும். ‘ஒத்திசைவு’ கைப்பேசிப் படங்களை ஏற்றுவதற்கே சரியாய்ப் போகிறது. ‘சம’ வடசொல் ஆயிற்றே என்பார் சிலர். இருக்கட்டும், சமபக்க முக்கோணம் படித்த பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது.

1:1 அல்லாதவற்றை எண்ணோடு சேர்த்து ‘4:5 விகிதத் துடிப்பு’ என்று சொல்லிவிடலாம். இனி மிச்சம் ஓவர்கிளாக்கிங்குக்கு ஒரு சொல்தான். ‘மிகைவேகம்’ என்றால் நெடுஞ்சாலைப் பலகை நினைவுக்கு வருகிறது. ‘மிகுதுடிப்பு’ என்றால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.