வெள்ளையன் குரைத்தால் யாரும் எழுந்திருக்க மாட்டோம்

மாந்தோப்பு:

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகிற ரோட்டில் எங்கள் தோப்பு. வீடும் அங்கேயேதான். 2011-இல் மோட்டார் ரூம் பூட்டை உடைத்து காப்பர் ஒயரை மொத்தமாக உருவிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வாரமே அப்பா ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கி வந்தார். 45 நாள் குட்டி, பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். இந்த இனத்தில் காது கேட்காத குட்டிகள் பிறப்பது உண்டு என்பதால், அது தூங்கும்போது பின்னாலிருந்து தட்டைத் தட்டிப் பார்த்து, துள்ளி எழுந்த பிறகுதான் பணம் கொடுத்தாராம். 2005-இல் தபால் தலையிலேயே வந்த நாய் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். வேப்ப மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினோம். “ஆளோட பழக விட்டா காவல் காக்காது” என்று தோப்புக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதனால் நாங்கள் கொஞ்சவும் இல்லை, ரோட்டுப் பக்கம் கூட்டிப் போகவும் இல்லை. சாப்பாடு, தண்ணீர், வருஷா வருஷம் ஊசி, அவ்வளவுதான். ஒரே வருஷத்தில் மரத்தைச் சுற்றி, சங்கிலி எட்டுகிற தூரத்துக்கு, வட்டமாக ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. புல் முளைக்காத அந்த வட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அவன் எல்லாவற்றுக்கும் குரைத்தான். பால்காரருக்கு, பஸ்ஸுக்கு, அணிலுக்கு, தென்னை மட்டை விழுந்தால் அதற்கு. ராத்திரியில் “சும்மா கிட” என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோம். மறுபடியும் ஒயர் திருட்டுப் போன அன்றைக்கும் விடிய விடியக் குரைத்திருக்கிறான். அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருக்கிறான். நாங்கள் யாருமே எழுந்திருக்கவில்லை.

2013 மே லீவில் அத்தை மகன் வந்திருந்தான், ஏழு வயது. பந்து வேப்ப மரத்தடிக்கு உருண்டுவிட்டது. எடுக்கப் போனவனின் முழங்கைக்குக் கீழே வெள்ளையன் கவ்விவிட்டான். அம்மா மஞ்சள்பொடி டப்பாவோடு ஓடி வந்தார். பக்கத்துத் தோப்பு அக்கா நர்ஸ். அவர்தான் அதைத் தட்டிவிட்டு, குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு முழுசாகக் கால் மணி நேரம் கழுவினார். பையன் அலறுகிறான், அவர் விடவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. காயம் ஆழம் என்று காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின், அதாவது ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து, போட்டார்கள். அன்றைக்கு ஒன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு தடவை தடுப்பூசி. நாய்க்கு ஊசி போட்டிருந்தோம், இருந்தும் எதையும் விடவில்லை. பத்து நாள் நாயைக் கண்காணிக்கவும் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளையனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பிறந்து மூன்று வாரத்திலிருந்து மூன்று, மூன்றரை மாசம் வரைதான் நாய்க்குட்டி எது பயப்பட வேண்டியது, எது இல்லை என்று கற்றுக்கொள்கிற காலம். அந்தச் சமயத்தில் அவனுக்கு நாங்கள் காட்டியது ஒரு மரமும் ஒரு சங்கிலியும். அதிலும் ராஜபாளையம் சுபாவத்திலேயே வேற்று ஆளை நம்பாத இனம்.

கருப்பி வந்தது 2014-இல். பாலத்துக்கு அடியில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி. இந்தத் தடவை அம்மா சொன்னபடிதான் நடந்தது. சங்கிலி கிடையாது, திண்ணையில் படுக்கை, வீட்டுக்குள் வரலாம், அடுப்படி மட்டும் கூடாது. பால்காரர், தேங்காய் வெட்டுகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் என்று எல்லோரையும் அவளுக்குப் பழக்கினோம். எங்கள் வீட்டு மனுஷர்கள் யார் என்று தெரிந்ததால்தான் அவளுக்கு வேற்று ஆளும் தெரிந்தது.

அவள் சத்தங்கள் எங்களுக்கு இப்போது மனப்பாடம். தெரிந்த பைக் வளைவில் திரும்பினால் குரைக்கவே மாட்டாள், வால் கதவில் அடிக்கிற ‘டொப் டொப்’ மட்டும் கேட்கும். காட்டுப்பன்றி என்றால் வேலி ஓரமாக ஓடிக்கொண்டே குரைப்பாள். ஆள் என்றால் முதலில் தொண்டைக்குள் ஒரு உறுமல். கழுத்திலிருந்து வால் வரை முதுகு மயிர் கோடு போட்டது மாதிரி நிமிர்ந்து நிற்கும். குரைப்பாள், திரும்பி எங்களைப் பார்ப்பாள், மறுபடி குரைப்பாள்.

2018 ஐப்பசியில் ஒரு ராத்திரி. மழை, கரண்ட் இல்லை. அன்றைக்கு அவள் குரைக்கவேயில்லை. நேராக அம்மா கட்டிலுக்கு வந்து, தொங்கிக்கொண்டிருந்த கையில் ஈர மூக்கை வைத்து அழுத்தி, அடங்கின குரலில் உறுமியிருக்கிறாள். அம்மா அப்பாவை எழுப்பினார். அப்பா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக மோட்டார் ரூம் பக்கம் டார்ச் அடித்தார். இரண்டு பேர். சத்தம் போட்டுக்கொண்டே பக்கத்துத் தோப்புகளுக்குப் போன் அடித்தோம், நாலு பக்கமும் டார்ச் வந்தது, வேலியைத் தாண்டி ஓடிவிட்டார்கள். கருப்பி திண்ணையை விட்டு இறங்கவில்லை. யாரையும் கடிக்கவும் இல்லை. சேதி சொன்னாள், நாங்கள் கேட்டோம்.

உங்கள் வீட்டில் எப்படி? சொல்லுங்கள்.

மருதமலை அடிவாரம்:

நீங்கள் சத்தத்தைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் அதிகம் குரைக்காது. போன வருஷம் ஒரு சாயங்காலம், பின்கட்டில் வாஷிங் மெஷினிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு விட்டு விட்டுக் குரைத்துக்கொண்டே இருந்தது. கிட்டப் போகவும் இல்லை, விலகி வரவும் இல்லை. உடம்பு முழுக்கப் பின்னால் இழுத்த மாதிரி ஒரு நிலை. எலியாக இருக்கும் என்று நினைத்து, துடைப்பக் கட்டையால் மெஷினைத் தட்டினேன். குக்கர் விசில் வருவதற்கு முன் ஆவி சீறுமே, அதே சத்தம் அடியிலிருந்து வந்தது. கண்ணாடி விரியன். கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொன்னோம், வந்து பிடித்துப் போனார்கள். அரைமணி நேரம் அது சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. என் மகள் அங்கேதான் செருப்பில்லாமல் துணி எடுக்கப் போவாள்.

இன்னொன்று. திருட வருகிறவர்கள் கறியில் விஷம் வைத்துப் போடுவது எங்கள் தெருவில் ஒரு தடவை நடந்தது. அதனால் வீட்டார் கையால், அதுவும் தன் தட்டில் வைத்தால்தான் சாப்பிட வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். தரையில் கிடக்கிற பிஸ்கட்டைத் தொடாது. ஆறு மாசம் தினமும் பழக்கிய பிறகு வந்த பழக்கம்.

பார்சல் வண்டி:

நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறவன். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது வீடு. “கடிக்காது தம்பி, சும்மா குரைக்கும், வா” என்று சொன்ன வீட்டில்தான் எனக்குக் கெண்டைக்காலில் கடி விழுந்தது. ஊசிக்குப் போன நாளெல்லாம் வேலை போச்சு, சம்பளமும் போச்சு. நாயின் ஊசி அட்டையைக் கேட்டேன், காட்டவில்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆவது பிரிவில், வளர்க்கிற பிராணியால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாசம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. வழக்குப் போட எனக்கு நேரமில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நான் மணி அடித்தால் நாயைக் கட்டிவிட்டு அல்லது உள்ளே விட்டுவிட்டு கேட்டைத் திறங்கள். பலகை மட்டும் போதாது. நாய் இல்லாத வீட்டிலும் ‘நாய் ஜாக்கிரதை’ பலகை தொங்குகிறது, எதை நம்புவது?

கருப்பி இருக்கிற வீடு மாதிரி வீடுகளும் உண்டு, அதையும் சொல்லணும். ஒரு வீட்டில் கோம்பை நாய் இருக்கிறது, செம்பழுப்பு, கறுத்த மூஞ்சி, பார்த்தாலே பயம் வரும். அந்த அம்மா முதல் நாளே அதை வாரைப் பிடித்துக் கேட்டருகில் உட்கார வைத்து, என்னிடம் பத்து நிமிஷம் பேசிக்கொண்டு நின்றார். இப்போது என் வண்டிச் சத்தத்துக்கு அது எழுந்திருப்பதே இல்லை. ஆனால் போன மாசம் வேறு பையன் போயிருக்கிறான், அந்த அம்மா வந்து பிடிக்கிற வரை குரைப்பை நிறுத்தவில்லையாம்.

மாந்தோப்பு:

தம்பி, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கடிக்கு அப்புறம் வெள்ளையனை ராத்திரியில் அவிழ்த்துவிட ஆரம்பித்தோம். முதல் ஒரு வாரம், சங்கிலி இல்லாமலேயே அதே வட்டத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தான். 2020-இல் செத்துப் போனான். அந்த மரத்தடியிலேயே புதைத்தோம்.

கருப்பிக்கு வயசாகிவிட்டது, கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அவளுக்குத் துணையாக இப்போது ஒரு குட்டி வந்திருக்கிறது, ராஜபாளையம்தான். இரண்டாவது தவணைத் தடுப்பூசி முடியவில்லை என்பதால் ரோட்டில் இறக்குவதில்லை. தினமும் காலையில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். பால்காரரை நிறுத்தி, “கையை நீட்டுப்பா, மோந்து பாக்கட்டும்” என்கிறார்.