'பாஸ்' எல்லாவற்றையும் 'பயண அட்டை' என்று எழுதலாமா?

அன்புள்ள நண்பர்களே,

'பாஸ்' என்பதற்குப் 'பயண அட்டை' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு என்று நேற்று கேட்டிருந்தீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா மகன் தருமபுரியிலிருந்து ஒரு பெருநகரத்துக்கு வேலைக்குப் போனபோது, "தினமும் டிக்கெட் எடுக்காதே, மெட்ரோவில் பயண அட்டை வாங்கிக்கொள்" என்று சொன்னது நான்தான். வாங்கினான். சில நாள் கழித்துக் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது கதவு திறக்கவில்லை. அட்டையில் பணம் தீர்ந்திருந்தது. பின்னால் நீண்ட வரிசை. சாயங்காலம் போன் பண்ணி, "மாமா, ஸ்கூல்ல குடுத்த பயண அட்டை வருஷம் பூரா ஓடுச்சே?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. மாணவருக்கு அரசுப் பேருந்தில் தரும் பாஸும் பயண அட்டை, பணம் ஏற்றி ஒவ்வொரு பயணத்துக்கும் கழித்துக்கொள்ளும் மெட்ரோ கார்டும் பயண அட்டை. சொல்தான் அவனை ஏமாற்றிவிட்டது.

ரயில்வேயின் சீசன் டிக்கெட் இன்னொரு வகை. 150 கிலோமீட்டருக்குள் இரண்டு நிலையங்களுக்கு நடுவே, ஒரு மாதம் அல்லது மூன்று மாதத்துக்கு எடுப்பது. தருமபுரி – ஓசூர் சீசனை வைத்துக்கொண்டு சேலம் பக்கம் போக முடியாது. இதைப் 'பருவச்சீட்டு' என்று எழுதுகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பருவம் என்றால் மா காய்க்கும் பருவம். மாதக் கணக்கை அந்தச் சொல்லில் யாரும் தேடமாட்டார்கள். சென்னை மாநகரப் பேருந்தில் 1000 ரூபாய்க்கு விற்கும் மாத பாஸோ இதற்கு நேர்மாறு. எந்தத் தடத்திலும் ஏறலாம், எத்தனை முறையும் ஏறலாம்.

ஆக, பயணி கையில் இருப்பது மூன்று வேறு பொருள்கள்: பணம் ஏற்றும் கார்டு, இரண்டு இடங்களுக்கு நடுவே மட்டும் செல்லுபடியாகும் சீட்டு, எங்கும் செல்லுபடியாகும் சீட்டு. மூன்றுக்கும் தனிப் பெயர் வேண்டும் என்பது என் கட்சி.

பணம் ஏற்றும் கார்டுக்கு 'இருப்பட்டை' என்று வைக்கலாம். இருப்பு உள்ளவரை ஓடும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ரயில் ஓடும் இருப்புப்பாதையோடு, அதாவது இரும்புப் பாதையோடு, குழம்பும் என்று யாராவது சொல்லலாம். 'இருப்பு எவ்வளவு?' என்று வங்கியில் கேட்டால் இரும்பு யாருக்கும் நினைவு வருவதில்லை.

இரண்டு இடங்களுக்கு நடுவே மட்டும் செல்வது 'தடச்சீட்டு'. தடம் எண் என்று பேருந்தில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான். சீசன் டிக்கெட் இனி மாதத் தடச்சீட்டு ஆகட்டும்.

எங்கும் செல்வதற்குத்தான் ரொம்ப யோசித்தேன். முதலில் 'மாதச்சீட்டு' என்று வைத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "எத்தனை பேர் சேர்ந்திருக்கீங்க? ஏலமா, குலுக்கலா?" என்று கேட்டார். அவர் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிறவர். அந்தப் பொருள் அவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது, அசைக்க முடியாது. அப்புறம்தான் 'உலாச்சீட்டு' தோன்றியது.

உலா என்றால் உல்லாசம், விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிறவனுக்கு அது பொருந்துமா என்று கேட்பீர்கள். சாமி வீதியுலா வருகிறதே, அதை நினைத்துப் பாருங்கள். புறப்பட்டு ஒரே தெருவில் போய்த் திரும்புவதில்லை. எல்லா வீதியும் அதற்கு உரிமை. இந்தச் சீட்டு தருவதும் அந்த உரிமையைத்தான். ஒருநாள் உலாச்சீட்டு, வார உலாச்சீட்டு என்று காலத்தை முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். சீட்டு போனுக்குள் வந்துவிட்டாலும் பெயர் நிற்கும். அட்டை என்று பொருளைச் சொல்லி வைத்த பெயருக்குத்தான் அங்கே சிக்கல்.

நான்காவதாக ஒன்றும் நம் பக்கம் சீக்கிரமே தேவைப்படும். 2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூர்க்காரர் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா வரை பஸ்ஸில் போய் மெட்ரோ ஏறி, இறங்கி மறுபடி மாநகர பஸ் பிடிக்கிறார். இது அத்தனைக்கும் ஒரே சீட்டு என்பது புது யோசனை இல்லை. பாரிஸில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் 1975இலேயே ஒரே மாதச் சீட்டு வந்துவிட்டது. இதற்குப் 'பொது உலாச்சீட்டு' என்று முன்மொழிகிறேன். 'பொது' இலவசம் என்று காதில் விழுமோ என்ற தயக்கம் எனக்கே இருக்கிறது. 'கூட்டு உலாச்சீட்டு' மேலா? ஓசூரில் இருப்பவர்கள் தினமும் போகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.