இரண்டு பாஸ், ஒரு சுங்குடிச் சேலை

குழு: மதுரை – மாட்டுங்கா குடும்பம்
வெள்ளிக்கிழமை

அம்மா, 8:12
எல்லோருக்கும். ஞாயிறு மாலை 5 மணிக்கு அம்பியின் பள்ளியில் நாடகம். ஒரு பையனுக்கு இரண்டு பாஸ்தான். பாட்டியின் பழைய அரக்கு நிறச் சுங்குடிச் சேலை வேண்டும். பஜனைக் காட்சிக்குத் தாத்தாவின் ஹார்மோனியமும் வேண்டும். எங்கே இருக்கிறது?

டோம்பிவிலி அத்தை, 8:14
சேலையா? அம்பிக்கா?

அம்மா, 8:15
பையன்கள் மட்டும் படிக்கும் பள்ளி, அண்ணி. பாட்டி வேடத்தையும் பையன்தானே போட வேண்டும்?

செம்பூர் சித்தப்பா, 8:15
ஹார்மோனியம் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது.

செம்பூர் சித்தப்பா, 8:16
43 ஆண்டுகளாக.

மாட்டுங்கா பெரியப்பா, 8:31
சேலை கட்டுவதில் என்ன இருக்கிறது? சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் நம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கியபோது நடிகர்கள் எல்லோரும் சிறுவர்கள்தான். ராஜபார்ட்டும் அவர்களே, ஸ்திரீபார்ட்டும் அவர்களே. சிறுவனாக அங்கே சேர்ந்த டி.கே. சண்முகம் பிற்காலத்தில் ஔவையாராக நடித்து ‘அவ்வை சண்முகம்’ என்றே பெயர் பெற்றார். நம் தாத்தா அந்தக் கம்பெனி நாடகங்களை விடிய விடியப் பார்த்த கதையை எத்தனை முறை சொல்லியிருக்கிறார்!

டோம்பிவிலி அத்தை, 8:32
முறுக்கு வாங்கப் போய் செருப்பைத் தொலைத்த கதை.

மாட்டுங்கா பெரியப்பா, 8:33
அதே கதைதான்.

டோம்பிவிலி அத்தை, 8:33
ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் உண்டா? பராமரிப்பு என்று மும்பை லோக்கல் ரயிலை நிறுத்திவிட்டால் எப்படி வருவது?

அப்பா, 8:40
நாடகம் எல்லாம் இந்த ஆண்டோடு போதும். ஜூனில் அவன் ஒன்பதாம் வகுப்பு. கோச்சிங்குக்கு முன்பணம் கட்டிவிட்டேன். சனிக்கிழமைகளில் வகுப்பு.

அம்மா, 8:41
எப்போது கட்டினீர்கள்?

அம்மா, 8:41
ஒத்திகையும் சனிக்கிழமைதான்.

அப்பா, 8:43
தெரியும்.

நான், 8:44
அப்பா, அம்பியிடம் சொல்லிவிட்டீர்களா?

அப்பா, 8:45
நாடகம் முடியட்டும்.

மாட்டுங்கா பெரியப்பா, 9:02
தம்பி, கோபப்படாமல் படி. ஜூனிலிருந்து சனிக்கிழமைதோறும் அவனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறவன் நான். பல நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் ஆறு வாரம் வசனமே கிடையாது. நடக்கச் சொன்னார்கள், நிற்கச் சொன்னார்கள், எதிரில் இருப்பவன் செய்வதைக் கண்ணாடி போலத் திருப்பிச் செய்யச் சொன்னார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்த பையன்கள் மெல்ல மெல்ல அடுத்தவன் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். பாட்டு வகுப்பிலோ பாதிப் பேர் வாயே திறக்கவில்லை, பாடுவது பெண்பிள்ளைகளின் வேலை என்று. அந்த ஆசிரியை பாட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தாளத்தில் தொடங்கினார். இந்துஸ்தானித் தாளமான தீன்தாலுக்குப் பதினாறு மாத்திரை. நம்முடைய ஆதி தாளத்தின் எட்டை இரண்டு முறை போட்டால் அதற்குள் அடங்கிவிடும் என்று அம்பி மேசையைத் தட்டிக் காட்டினான். வகுப்பு முழுவதும் அவனோடு சேர்ந்து தட்டியது. வரும் வழியெல்லாம் பஸ் கம்பியிலும் தட்டிக்கொண்டே வந்தான்.

அம்மா, 9:03
என்னிடம் இதைச் சொல்லவே இல்லை.

மாட்டுங்கா பெரியப்பா, 9:15
இன்னும் இருக்கிறது. ஐந்து கட்டையில் பாடிக்கொண்டிருந்தவனுக்கு ஆகஸ்டில் மகரக்கட்டு உடைந்தது. இனிமேல் பாடவே மாட்டேன் என்று பஸ்ஸில் அழுதான். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியில் குரல் உடைந்தால் வேடமும் போய்விடும், சில பையன்களுக்குச் சோறும் போய்விடும். இங்கே அந்த ஆசிரியை அவனை வெளியே அனுப்பவில்லை. குரல்வளை பெரிதாகும்போது குரல் நாண்களும் நீண்டு தடிக்கும், அதனால்தான் குரல் ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்குகிறது, இது நோய் இல்லை என்று எல்லாப் பையன்களுக்கும் சேர்த்து விளக்கினார். கத்தக்கூடாது, வலிக்காத இடத்தில் மெதுவாகப் பாடு என்றார். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டுக் கொண்டுவரச் சொன்னார். மராத்திப் பையன் ஒருவன் திரிகையில் மாவரைக்கும்போது பாடும் ஓவி கொண்டுவந்தான். அம்பி நம் அம்மா பாடும் தாலாட்டைக் கொண்டுபோனான். உடைந்த குரலில் அவன் முனகிய அந்தத் தாலாட்டுக்காகத்தான் பாட்டி வேடம் அவனுக்குக் கிடைத்தது.

டோம்பிவிலி அத்தை, 9:17
எந்தத் தாலாட்டு? ஆராரோவா?

டோம்பிவிலி அத்தை, 9:17
எனக்குப் பாடியதா, தம்பிக்குப் பாடியதா?

செம்பூர் சித்தப்பா, 9:20
மிருதங்கம் சோறு போடாது என்று 1982இல் சொன்ன அண்ணன்தானே இதை எழுதுவது?

(இருபது நிமிடம் யாரும் எழுதவில்லை.)

டோம்பிவிலி அத்தை, 9:40
பழையதைக் கிளறாதே, கண்ணா.

மாட்டுங்கா பெரியப்பா, 9:52
சொன்னேன். அந்த ஆண்டு ஜனவரி 18ஆம் தேதி பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை, அவர்களில் நம் அப்பாவும் ஒருவர். உனக்கு எட்டு வயது, எனக்குப் பத்தொன்பது. அம்மா நம் சாலில், அந்த ஒற்றை அறைக் குடியிருப்பில், பதினான்கு பேருக்குச் சமைத்துப் போட்டுத்தான் நாம் சாப்பிட்டோம். உன் வாத்தியாருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு மிருதங்கத்தைக் குறை சொன்னேன். உன் கை அப்படிப்பட்ட கை. தவறு என்னுடையது.

செம்பூர் சித்தப்பா, 9:58
சரி அண்ணா.

நான், 10:01
நாடகம் அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித்தான், சித்தப்பா. பரேல் சாலில் மில்காரர்களுக்குச் சோறு போடும் பாட்டிதான் அம்பி. கதை நம் வீட்டுக் கதை என்று ஆசிரியர்களுக்கே பிறகுதான் தெரிந்தது.

அப்பா, 10:03
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அம்மா, 10:03
நீங்கள் கேட்கவில்லை.

மாட்டுங்கா பெரியப்பா, 10:10
அம்மா பேசியிருக்கிறாள். குரல் பதிவு அனுப்புகிறேன்.

(குரல் பதிவு, 0:52)

டோம்பிவிலி அத்தை, 10:12
எனக்குத் திறக்கவில்லை. என்ன சொல்கிறாள்?

நான், 10:14
எழுதுகிறேன். “போன மாதம் வந்து, அடுப்படியில் எப்படி உட்காருவாய் பாட்டி என்று கேட்டான். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டிக் காட்டினேன். முழங்கால் வலித்தது, ஆனாலும் காட்டினேன். அவன் சரியாக உட்காருகிறானா என்று நான் பார்க்க வேண்டும். சேலை இரும்புப் பெட்டியில் அடியில் இருக்கிறது. அரக்கு வேண்டாம், அது கல்யாணத்துக்குக் கட்டியது. சமையலுக்குக் கட்டியது பச்சை.”

அம்மா, 10:15
அப்படியானால் பச்சைதான். ஒரு பாஸ் பாட்டிக்கு.

செம்பூர் சித்தப்பா, 10:15
கட்டாயம்.

டோம்பிவிலி அத்தை, 10:16
இன்னொன்று?

அம்மா, 10:17
இவர் போகட்டும். அவன் மேடையில் இருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தக் கோச்சிங்கைப் பற்றிப் பேசட்டும்.

நான், 10:18
அப்போது நீங்கள், அம்மா?

அம்மா, 10:18
நான் சேலை கட்டிவிட உள்ளே போகிறேன். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொள்ள விடுவார்கள்.

அப்பா, 10:20
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மாட்டுங்கா பெரியப்பா, 10:21
புதிய தேசியக் கல்விக் கொள்கையே 2020இல் பாடம், பாடத்துக்கு வெளியே உள்ளது என்ற கடும் பிரிவினை கூடாது என்கிறது, தம்பி. அது கிடக்கட்டும். நீ வந்து பார்.

அப்பா, 10:29
அந்த அரங்கத்துக்குப் படி எத்தனை? அம்மாவால் ஏற முடியுமா?

மாட்டுங்கா பெரியப்பா, 10:30
பதினெட்டு. பக்கத்தில் சரிவுப் பாதை ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். காவலாளியிடம் கேட்கிறேன்.

அப்பா, 10:32
முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள்.

அம்மா, 10:32
அதை ஞாயிறு இரவு பேசலாம்.

செம்பூர் சித்தப்பா, 10:36
அண்ணா, அந்த ஹார்மோனியத்தின் துருத்தி அன்றே கிழிந்திருந்தது. நாளைக் காலை 7 மணிக்கு வருகிறேன். தோலும் பசையும் நான் கொண்டுவருகிறேன். ஏணி மட்டும் எடுத்து வையுங்கள்.

மாட்டுங்கா பெரியப்பா, 10:37
வா. இட்லிக்கு மாவு இருக்கிறது.

மாட்டுங்கா பெரியப்பா, 10:38
உன் மிருதங்கமும் அதே பரணில்தான் இருக்கிறது.

டோம்பிவிலி அத்தை, 10:41
பாஸ் இல்லாவிட்டாலும் நான் வருவேன், வாசலில் நிற்கிறேன். மெகா பிளாக் உண்டா இல்லையா, யாராவது சொல்லுங்கள்.