‘கண்டிப்பான பொறுப்பு’ என்னும் சொல்லுக்கு மாற்று வேண்டும்: குறையுள்ள வாகனங்களால் காயமடைந்தோர் குறித்து

குழுமத்தாருக்கு வணக்கம்.

குறையுள்ள வாகனத்தாலோ அதன் உதிரிப் பாகத்தாலோ காயமடைந்தவர்கள் சட்டப்படி என்னென்ன செய்யலாம் என்பதை விளக்கும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். பெரும்பாலானவற்றுக்குப் பழகிய சொற்களே கிடைத்துவிட்டன. உற்பத்தியாளர் கவனமாக இருந்தாரா என்று பாராமல், பொருளின் குறையால் நேர்ந்த காயத்துக்கு அவரைப் பொறுப்பாக்கும் ‘ஸ்டிரிக்ட் லயபிலிட்டி’ என்ற கோட்பாட்டிடம் வந்தபோதுதான் எழுத்து நின்றுபோனது. அதைக் ‘கண்டிப்பான பொறுப்பு’ என்றும் ‘கடும் பொறுப்பு’ என்றும் எழுதி வருகிறோம். கையேட்டின் முதல் வரைவைப் படித்த ஒருவர், “அப்படியென்றால் உற்பத்தியாளருக்குத் தண்டனை கடுமையாக இருக்குமா?” என்று கேட்டார். அவர் மீது பிழையில்லை. தமிழில் கண்டிப்பு என்பது ஆசிரியரிடமும் அதிகாரியிடமும் காணும் குணம். இந்தக் கோட்பாடோ தண்டனையின் அளவைப் பற்றிப் பேசுவதே இல்லை. வழக்குத் தொடுப்பவர் எதை மெய்ப்பிக்க வேண்டும், எதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயமடைந்தவருக்குப் பல நாடுகளின் சட்டங்களில் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது கவனக்குறைவு. 1916இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் ப்யூக் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், மரச்சக்கரத்தின் ஆரங்கள் நொறுங்கிக் கார் கவிழ்ந்ததற்கு அந்நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. சக்கரம் வேறொரு தொழிற்சாலையில் செய்யப்பட்டது; காரை வாங்கியவர் அதை விற்பனை முகவரிடமிருந்துதான் வாங்கினார், நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆயினும், சக்கரத்தைச் சோதித்திருந்தால் குறை தெரிந்திருக்கும் என்பதால் நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை. இரண்டாவது வழி, விற்கும்போது கொடுத்த உறுதிமொழி மீறப்பட்டது என்பது. மூன்றாவதுதான் நம் சொல்லுக்கு உரியது. 1963இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், தச்சுவேலை இயந்திரம் ஒன்றிலிருந்து மரத்துண்டு பறந்து வந்து தாக்கியதால் காயமுற்றவரின் வழக்கில், உற்பத்தியாளர் கவனமாக இருந்தாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் பொருளின் குறையை வைத்தே பொறுப்பை நிறுவியது. ஐரோப்பிய சமூகத்தின் 1985ஆம் ஆண்டு நெறியாணை (உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய பொது விதி) இதையே மூன்று சொற்களில் அடக்கியது: காயமடைந்தவர் சேதத்தையும், குறையையும், இரண்டுக்கும் உள்ள தொடர்பையும் மெய்ப்பித்தால் போதும்.

இதற்குத் ‘தவறிலாப் பொறுப்பு’ என்ற சொல்லை இக்குழுமத்தில் முன்பே சிலர் பரிந்துரைத்துள்ளனர். அழகான சொல்தான், நானும் சில பக்கங்களில் அதைப் பயன்படுத்தினேன். ஆனால் அதில் இரண்டு இடர்களைக் காண்கிறேன். சாலை விபத்து இழப்பீட்டுச் சட்டங்களில் யாருடைய தவறு என்று பாராமல் வாகன உரிமையாளரோ காப்பீட்டாளரோ தரும் தொகைக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அது வேறு பொறுப்பு, வேறு எதிர்வாதி. இரண்டாவது இடர் இன்னும் பெரியது. ‘தவறிலா’ என்று படிப்பவர், எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று எண்ணிக்கொள்கிறார். பிரேக் வேலை செய்யாமல் விபத்துக்குள்ளான ஒரு குடும்பம், நொறுங்கிய வண்டியை ஒரு வாரத்திற்குள் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு என்னிடம் வந்தது. வண்டி போனதோடு குறையைக் காட்டக்கூடிய ஒரே சான்றும் போய்விட்டது. சொல் ஒன்று ஒருவரைத் தவறான நிம்மதியில் ஆழ்த்துமானால் அச்சொல்லை நான் எழுத மாட்டேன்.

ஆகவே, எது தேவையில்லை என்பதைச் சொல்லாமல் எது தேவை என்பதைச் சொல்லும் பெயர் வேண்டும் என்று கருதுகிறேன். ‘குறைவழிப் பொறுப்பு’ என்பது என் பரிந்துரை: குறையின் வழியாக வரும் பொறுப்பு. கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

மறுமொழி

அம்மா, வணக்கம்.

வாகன வடிவமைப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். தாங்கள் சொன்ன காரணத்தை முழுமையாக ஏற்கிறேன். ‘குறை’ என்ற சொல்லைத் தேர்ந்ததும் சரியே. ‘பழுது’ என்று மாற்றலாமே என யாரேனும் சொல்லக்கூடும். அதற்கு இணங்கிவிட வேண்டாம். பழுது என்பது ஓட்டத்தில் வருவது, தேய்மானத்தில் வருவது. சட்டம் கேட்பதோ பொருள் உற்பத்தியாளரின் கையை விட்டு நீங்கும்போதே அதில் இருந்த குறையை. மேலும், வடிவமைப்புக் குறையில் எதுவுமே பழுதாகியிருக்காது. வரைபடத்தில் உள்ளபடியே ஒவ்வொரு வண்டியும் செய்யப்பட்டிருக்கும். வரைபடமே ஆபத்தானதாக இருக்கும்.

இதற்கு 1968இல் அமெரிக்க எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்பு நல்ல எடுத்துக்காட்டு. நேருக்கு நேர் மோதலில் ஸ்டீயரிங் தண்டு பின்னோக்கி உந்தப்பட்டு ஓட்டுநரின் தலையைத் தாக்கியது. மோதுவதற்காக நாங்கள் கார் செய்யவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. சாலையில் மோதல்கள் நேரும் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே மோதல் நேர்ந்தால் உள்ளிருப்பவருக்குக் காயம் மிகாதவாறு வடிவமைக்க நியாயமான கவனம் செலுத்துவதும் கடமை என்று நீதிமன்றம் சொன்னது. அது கவனக்குறைவு வழியில் எழுந்த தீர்ப்பு என்றாலும், மோதலுக்குக் காரணமாகாத குறையும் காயத்துக்குக் காரணமாகலாம் என்ற எண்ணம் அதன்பின் எல்லா வழிகளிலும் வேரூன்றியது. தங்கள் கையேட்டில் இது கட்டாயம் இடம்பெற வேண்டும். “விபத்து என் தவறால்தானே நேர்ந்தது” என்று எண்ணி எத்தனையோ பேர், விரியாத காற்றுப்பையைப் பற்றியும் அறுந்த சீட் பெல்ட்டைப் பற்றியும் வாய் திறப்பதே இல்லை.

ஆனால் தங்கள் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. முதல் வழிக்குக் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலும் ‘குறை’ ஒலிக்கிறது. விரைந்து படிப்பவர், குறைவழிப் பொறுப்பு என்றால் கவனக்குறைவின் வழி வரும் பொறுப்பு என்று கொள்ள வாய்ப்புண்டு. அப்படிக் கொண்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

*

மறுமொழி

ஐயா, மிக்க நன்றி.

அந்த மயக்கம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் எண்ணிப் பார்த்தபின், குறை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிலேயே காட்டிவிட்டால் தீரும் என்று படுகிறது: ‘பொருட்குறைப் பொறுப்பு’. கவனம் குறைந்தது ஆளிடத்தில். இங்கே குறை பொருளிடத்தில். மூன்று வழிகளையும் வரிசையாக நிறுத்தினால் கவனக்குறைவுப் பொறுப்பு, உறுதிமொழிப் பொறுப்பு, பொருட்குறைப் பொறுப்பு என்று அமைகின்றன. ஒவ்வொரு பெயரும் எதைக் காட்ட வேண்டும் என்பதைத் தானே சொல்லிவிடுகிறது. ‘ஸ்டிரிக்ட் லயபிலிட்டி’ என்று ஒலிபெயர்த்து எழுதவும் இனித் தேவையில்லை.

இச்சொல்லை எல்லா இடத்துக்கும் பொதுவாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆபத்தான பொருளைத் தம் நிலத்தில் வைத்திருந்து அது வெளியேறித் தீங்கு செய்தால் வரும் பொறுப்புக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கே குறை என்ற எண்ணமே இல்லை என்பதால் அதற்கு வேறு சொல் வேண்டும். அதைத் தனி இழையில் பேசலாம். மென்பொருள் பிழையால் பிரேக் பிடிக்காத வண்டி ‘பொருட்குறை’யில் அடங்குமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நெறியாணை மென்பொருளையும் பொருளாகவே வரையறுப்பதால் சொல் அங்கும் பொருந்தும்.

‘ரீகால்’ குறித்தும் ஒரு சொல். செய்தித்தாள்கள் ‘வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது’ என்று எழுதுவதால், நிறுவனம் வண்டியையே எடுத்துக்கொண்டு பணம் தரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதோடு அது முடிந்துவிடும். கையேட்டில் ‘திருத்த அழைப்பு’ என்று எழுதப் போகிறேன். வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்ட டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளுக்காகப் பல நாடுகளில் கோடிக்கணக்கில் இத்தகைய அழைப்புகள் விடுக்கப்பட்டன. அழைப்பு வந்ததாலேயே காயமடைந்தவரின் உரிமை அற்றுப்போவதில்லை என்பதையும் அவ்விடத்தில் சொல்லியிருக்கிறேன்.

புதிய சொல்லை வைத்து எழுதிய பத்தியைக் கீழே தருகிறேன். தடை ஏதும் இல்லையெனில் இதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.

“பொருட்குறைப் பொறுப்பின்கீழ் இழப்பீடு கோருபவர், உற்பத்தியாளர் கவனமின்றி இருந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வாகனத்தில் அல்லது பாகத்தில் குறை இருந்தது, அது உற்பத்தியாளரிடமிருந்து வெளிவரும்போதே இருந்தது, அதனால் காயம் நேர்ந்தது என்று காட்ட வேண்டும். சில வேளைகளில் நிகழ்ச்சியே குறையைக் காட்டிவிடும்: கடும் மோதலில் காற்றுப்பைகள் விரியாத வழக்கொன்றில், மோதலின் விசையைக் கணக்கிட்டுக் காட்டும் வல்லுநராக நுகர்வோர் இருக்கத் தேவையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. ஆயினும் எல்லா வழக்கிலும் அதை நம்பியிருக்க இயலாது. ஆகவே வாகனத்தை விற்கவோ, பழுதுபார்க்கவோ, காப்பீட்டாளரிடம் ஒப்படைக்கவோ வேண்டாம்; உடைந்த பாகத்தைக் கழற்றவும் வேண்டாம். நிகழ்விடத்தில் இருந்தபடியே படமெடுத்து, மருத்துவக் குறிப்புகளோடும் விபத்துக்கு முன் பழுதுபார்த்த ரசீதுகளோடும் சேர்த்து வைத்து, வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு முடியுமுன் வழக்கறிஞரை அணுகவும். வாகனத்தை வாங்கியவர் மட்டுமல்லாமல், அதில் பயணம் செய்தவரும் சாலையில் நடந்து சென்றவரும் பல நாடுகளில் இக்கோரிக்கையை எழுப்பலாம்.”